ரோஸி சுமந்து வந்த தூக்கம்

ரோஸி செய்கிற வேலைக்கு அந்த மருத்துவமனையின் பதிவேட்டில் தனிப்பெயர் கிடையாது. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'உதவியாளர்' என்று மட்டும் போட்டிருக்கும். கிழக்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் எட்டுகிற தூரத்தில் இருக்கும் அந்த அறக்கட்டளை மருத்துவமனைக்குப் பத்தொன்பது வயதில் தரை துடைக்க வந்தவள். இப்போது முப்பத்து நான்கு. இந்தப் பதினைந்து வருடத்தில் துடைப்பம் வேறு கைக்குப் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பரிசோதனை செய்கிற பிரிவில், குழந்தைகளோடு இருக்கும் வேலை தானாக அவளிடம் வந்து சேர்ந்தது. யாரும் உத்தரவு எழுதித் தரவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தை வந்தால், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிற குழந்தை வந்தால், ரோஸியைக் கூப்பிடு என்பார்கள்.

பல்லாவரத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். ஊசி போடவோ மாத்திரை பேர் சொல்லவோ அவளுக்குப் படிப்பில்லை. ஆனால் அவளுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. பயந்த குழந்தையை நேருக்கு நேர் பார்க்க மாட்டாள். வலிக்கிற காரியத்தை வலிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எடை பார்க்கும் மேடையில் குழந்தை நிற்காவிட்டால் தூக்கிக்கொண்டு தானே ஏறி நிற்பாள். பிறகு தான் மட்டும் ஏறி, கழித்து எழுதிக்கொள்வாள். இதனால் அவள் எடை அந்தப் பிரிவில் எல்லோருக்கும் மனப்பாடம். "தெனம் நாலு தடவ வெயிட் பாக்குற, ஒரு கிலோவாவது எறங்குதா பாரு" என்று தலைமை நர்ஸ் ரத்தினபாய் அவளைச் சீண்டுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. குழந்தை எப்படித் தூங்கும் என்று தாய்மாரிடம் கேட்பாள். ஒரு குழந்தைக்கு அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு மிக்சி ஓட வேண்டும். சேலையூரிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தைக்கு உள்ளங்காலில் ஒரு விரல் வட்டம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் ரோஸி எங்கும் எழுதி வைத்ததில்லை, மறந்ததும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது, அந்தக் குழந்தைகளின் தூக்கமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு நினைவு வரும்.

அந்த வியாழக்கிழமை வந்தவன் முகிலன். இரண்டரை வயது. மாடம்பாக்கம். அப்பா கதிரேசன் தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டுகிறவர்; அம்மா தீபலட்சுமி நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்கிறவள். பிறக்கும்போதே பையனுக்கு உதடும் மேலண்ணமும் பிளந்திருந்தன. உதட்டை ஆறாம் மாதத்தில் தைத்தாயிற்று. மேலண்ணம் பாக்கி. அது மூடாத வரைக்கும் வாய்க்காற்று மூக்குக்குப் போய்விடும். 'அம்மா' தெளிவாக வரும். 'அப்பா' என்று சொல்ல வாயைக் குவிப்பான், அதுவும் மூக்கு வழியே அம்மாவாகவே வெளியே வரும். லாரி ஸ்டாண்டில் கதிரேசனை அம்மா என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அவரும் சிரித்துக்கொள்வார்.

இந்த அறுவை சிகிச்சை செய்யும் குழு வெளியூரிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை, நான்கே நாள் வரும். அடுத்த திங்கட்கிழமை வருகிறார்கள். யார் யாருக்கு என்ற பட்டியலை இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு முடித்துவிட வேண்டும். விட்டால் ஆறு மாதம். அதற்குள் பையனுக்கு மூன்று வயது தாண்டிவிடும். மூக்கால் பேசிப் பழகிய நாக்கைத் திருப்புவது பெரும்பாடு என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

போன வாரமே எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. அன்று ரோஸி விடுப்பு. ரத்தம் எடுக்க மூன்று பேர் சேர்ந்து முகிலனைப் பிடித்திருக்கிறார்கள். அவன் ஒருவரின் மணிக்கட்டைக் கடித்திருக்கிறான். ரத்தம் எப்படியோ எடுத்தாயிற்று, எடை பார்க்க முடியவில்லை. அந்த அழுகையின் நடுவே மயக்க மருந்து தரும் டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டபோது, இதயத்தில் வேறு ஏதோ ஒரு சின்னச் சத்தம் கேட்ட மாதிரி இருந்திருக்கிறது. அழுகிற நெஞ்சில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதிவிட்டார். ஸ்கேனுக்குக் குழந்தை இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தூக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும். அதற்கு ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

பத்தேகாலுக்கு ரோஸி பார்க்கும்போது முகிலன் கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் இருந்தான். பெஞ்சின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். தீபலட்சுமி குனிந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். ரோஸியின் நீல மேலங்கியைப் பார்த்ததுமே அவன் தொண்டை கிழிய அலற ஆரம்பித்தான். ரோஸி மேலங்கியைக் கழற்றி மேசையில் வைத்தாள், கழுத்து அட்டையையும் கழற்றினாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பஞ்சைப் பிய்த்துச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்ட ஆரம்பித்தாள். அது உண்மையிலேயே அவள் அன்று செய்து முடிக்க வேண்டிய வேலைதான். இருபது நிமிடம் கழித்து அலறல் விசும்பலாயிற்று. பிறகு அவள் முதுகில் ஒரு பஞ்சு உருண்டை வந்து விழுந்தது. அவள் திரும்பவில்லை. இன்னொன்று விழுந்தது.

பத்தே முக்காலுக்கு ரத்தினபாய் தூக்க மருந்தை அளக்க வந்தார். காலையில் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். தீபலட்சுமி இல்லவே இல்லை என்றாள். பால்? இல்லை. பிஸ்கட்? இல்லை. பையன் அழுதபோதுகூடத் தரவில்லையாம். ரத்தினபாய் பாட்டிலின் மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் ரோஸி லேசாகத் தலையைத் திருப்பினாள். பையன் நெற்றியில் விபூதி இருந்தது. காதோரம், முடியில், நெய் மினுமினுப்போடு ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"ஆமாக்கா. வியாழக்கெழம, குரு பகவானுக்கு விசேசம். நம்ம சிவன் கோயில்ல புள்ள பேர்ல ஒரு அர்ச்சன பண்ணிட்டுத்தான் வந்தோம்."

"பிரசாதம் குடுத்தாங்களா?"

"சக்கரப் பொங்கல்." தீபலட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது சாப்பாடாக்கா? சாமி குடுத்தது."

ஒரு தொன்னை முழுக்கச் சாப்பிட்டிருந்தான். அப்பாவின் பங்கிலும் பாதி. ஏழே முக்காலுக்கு. ரத்தினபாய் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

ரோஸிக்குக் கோபம் வரவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான். பித்தப்பை ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், சர்ச்சில் நற்கருணை வாங்கிவிட்டு, தாகத்துக்கு அங்கேயே தீர்த்தமும் குடித்துவிட்டு, நான் எதுவும் சாப்பிடலையே என்று சத்தியம் செய்தவர். சாமி கொடுத்தது வயிற்றில் தங்காது என்று நினைக்கிறவர்கள் எல்லாக் கோயிலிலும் இருக்கிறார்கள்.

ஏழே முக்காலோடு ஆறு மணி நேரத்தைக் கூட்டினால் ஒன்றே முக்கால். இதய டாக்டர் சத்யநாராயணன் ஒரு மணிக்கு வேறு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவார். தீபலட்சுமிக்கு இது புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. என் கையாலேயே ஊட்டினேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் கதிரேசன் உள்ளே வந்தார். லாரியை வாசலில் நிறுத்தியிருந்தார். வாட்ச்மேன் எடுக்கச் சொல்லித் துரத்துகிறாராம்.

"இன்னாக்கா, இன்னும் எவ்ளோ நேரமாவும்? வண்டில பன்னெண்டாயிரம் லிட்டரு கீது. நாவலூர்க்காரங்க போன் மேல போன் போட்டுக்கினு கீறாங்க."

ரோஸி தீபலட்சுமியிடம் கேட்டாள். மத்தியானம் இவன் எப்படித் தூங்குவான்?

அவளுக்குத் தெரியவில்லை. காலை எட்டுக்கு வேலைக்குப் போனால் திரும்ப நான்கு ஆகும். அதெல்லாம் இவருக்குத்தான் தெரியும் என்று புருஷனைக் காட்டினாள். கதிரேசன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"லாரிலதான்க்கா. இன்ஜின் பொட்டி மேல மெத்த போட்டு வெச்சிருக்கேன். வண்டி எடுத்து பத்து நிமிசத்துல அவுட்டு. நிறுத்துனா மட்டும் முழிச்சிக்குவான்."

ரோஸி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. அதிகாலை நாலரைக்கு எழுப்பிக் குளிப்பாட்டிய பிள்ளை. வயிறு நிறைய நெய்யும் பருப்பும். அரை மணி நேரம் அழுதும் தீர்த்திருக்கிறான். கண்ணோரம் சிவந்து, இமை கனத்துதான் இருந்தது. மருந்து தர முடியாது என்றுதானே ஆயிற்று, தூக்கம் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அவள் ரத்தினபாய் பக்கத்தில் போய் மெல்ல விஷயத்தைச் சொன்னாள்.

"லாரில போறேன்னு எங்கிட்ட சொல்லாத" என்றார் ரத்தினபாய். "புள்ளைக்கு வெளிய காத்து காட்டப் போறேன்னு சொல்லு. பன்னெண்டரைக்கு டாக்டர் ரூம்ல இருக்கணும்."

ஸ்கேனுக்கு நெஞ்சில் தடவும் களிம்பு பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் போட்டு வைக்கும்படி அவரிடமே கேட்டுக்கொண்டாள் ரோஸி. தீபலட்சுமியை ஸ்கேன் அறை வாசலில் முறை காக்க நிறுத்தினாள். தூங்கியபின் பொத்தானைத் தொடக் கூடாது என்று, கதிரேசனை விட்டே பையனின் சட்டையை முன்னால் திறந்துவிடச் செய்தாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து அப்பாவின் தோளுக்கு ஏறிய முகிலன், வாசலில் லாரியைப் பார்த்ததும் உடம்பைத் தளர்த்தினான்.

டேங்கர் புறப்பட்டது. கதிரேசன் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டார். இன்ஜின் பெட்டியின் மேல் விரித்திருந்த பழைய மெத்தை அடுப்பங்கரை மாதிரி இளஞ்சூடாக இருந்தது. அதில் முகிலன் மல்லாந்து படுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரோஸியை முறைத்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டரும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி முழுவதையும் யாரோ பெரிய கை மெல்லப் பிடித்து ஆட்டிவிட்ட மாதிரி இருந்தது. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோதும் தண்ணீர் நிற்கவில்லை, தன்பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

இராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் முகிலனின் பாதம் ஒன்று வந்து ரோஸியின் மடியில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. கண்ணாடியில் வெயில் விழுந்து வண்டிக்குள் எல்லாம் மஞ்சளாயிற்று. துணிக்கடைப் பலகைகளும், பூட்டிய திருமண மண்டபமும், வேப்பமரங்களும் தண்ணீருக்கு அடியில் இருப்பவை போல அசைந்து பின்னால் போயின. இன்ஜினின் ஒரே சுருதியில் காது நிறைந்து, பேச வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. ரோஸிக்கு ஒரு கணம், இது எந்த வருடம், தான் யாருக்காக எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதுகூட விலகிப் போனது. தானும் யாருடைய மெத்தையிலோ படுத்திருக்கிறோம் என்று பட்டது.

செம்பாக்கம் ஏரி கண்ணில் பட்டபோது பையன் வாய் திறந்திருந்தது. மூச்சு நீண்டு, சற்றே மூக்கொலியோடு வந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கதிரேசன் ஜாடையில் கேட்டார். ரோஸி ஜாடையில் இன்னும் கொஞ்ச தூரம் என்றாள். தூக்கம் மேலாக இருக்கும்போது தூக்கினால் உடைந்துவிடும், அடிக்குப் போக வேண்டும் என்பது அவள் கணக்கு. மேடவாக்கம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒன்றைத்தான் யோசித்தாள். நிறுத்தினால் முழித்துக்கொள்வான். மருத்துவமனை வாசலுக்கும் ஸ்கேன் அறைக்கும் எண்பது தப்படி. எண்பது தப்படியும் இன்ஜினை எடுத்துக்கொண்டு போக முடியாது. சேலையூர் வந்தபோது ரோஸி குனிந்து, பையனை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். இன்ஜினின் சுருதியைத் தேடிப் பிடித்து, உதட்டை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அதே ஒலியில் முனக ஆரம்பித்தாள். முதலில் அவள் குரல் இன்ஜினுக்குள் கரைந்து கேட்கவே இல்லை. வாசலில் லாரி நின்றது. கதிரேசன் இன்ஜினை அணைக்கவில்லை. ரோஸி இறங்கி நடந்தாள். பின்னால் லாரியின் சத்தம் தேயத் தேய, நெஞ்சுக்குள் அவள் சத்தம் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்கியது என்று முகிலனுக்குத் தெரியவில்லை.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. ரோஸி பையனைக் கட்டிலில் கிடத்தவில்லை. அவனை மார்பிலிருந்து பிரிக்காமல், அவனோடு தானும் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். டாக்டர் சத்யநாராயணன் திரும்பிப் பார்த்து, அது என்னம்மா சத்தம் என்று கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியாதே. தீபலட்சுமிதான் சொன்னாள்.

"அக்கா நிறுத்துனா முழிச்சிக்குவான் சார்."

டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, இதமான களிம்பைத் தொட்டுப் பார்த்து, வேலையை ஆரம்பித்தார். திரையில் ஒரு சின்ன இதயம், சாம்பல் நிறத்தில், நீருக்குள் ஒரு பூ விரிந்து குவிவது போல அடித்துக்கொண்டிருந்தது. நீலமும் சிவப்புமாக ரத்தம் பாய்ந்து மறைந்தது. ரோஸிக்கு அது ஒன்றும் புரியாது. நிமிடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கும்போது சத்தம் அறுந்துபோகாமல் இருக்க, மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடி வாங்கினாள்.

பதினோராவது நிமிடம் தொண்டை வறண்டது. சுருதி நடுங்கியது. இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சத்தம் அறுந்தது.

முகிலனின் கை மேலே எழுந்தது. புருவம் சுருங்கியது. டாக்டரின் கை அப்படியே நின்றது.

தீபலட்சுமி கட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டு, மகனின் உச்சந்தலையில் வாயை வைத்து முனக ஆரம்பித்தாள். சுருதி சரியில்லை. லாரியின் சத்தம் அவளுக்குப் பழக்கமில்லை, மகனின் மத்தியானத் தூக்கத்தை அவள் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பையன் தலையை ஒரு பக்கம் திருப்பினான், மறுபக்கம் திருப்பினான். எழுந்த கை காற்றில் எதையோ தேடியது. அவள் நிறுத்தவில்லை. கொஞ்சம் இறக்கினாள், இன்னும் கொஞ்சம் இறக்கினாள். கை மெதுவாக இறங்கி அவள் கன்னத்தில் படிந்தது. அங்கேயே கிடந்தது.

டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒன்பது நிமிடம். கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, ரகசியம் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு சின்னத் துளை இருக்கிறது, ரெண்டு மில்லிமீட்டர். அது தானாக மூடிக்கொள்ளக்கூடியது. வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும். "ஆபரேஷனுக்கு இதனால தடை இல்ல."

தீபலட்சுமி இன்னும் முனகிக்கொண்டேதான் தலையாட்டினாள். கண்ணிலிருந்து வழிந்தது மகனின் தலைமுடியில் விழுந்தது.

மயக்க மருந்து டாக்டரம்மா தூங்குகிற நெஞ்சில் குழலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக இரண்டு நிமிடம் கேட்டார். எடை மட்டும் பாக்கி. ரோஸி பையனோடு மேடையில் ஏறி நின்றாள், பிறகு அவனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றாள். பத்து கிலோ அறுநூறு. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குத் தாளில் கையெழுத்து விழுந்தது. திங்கட்கிழமைப் பட்டியலில் நான்காவது பெயர் முகிலன்.

ரோஸி தீபலட்சுமியிடம் ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லி, அவளையே இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தாள். திங்கட்கிழமை கோயிலுக்குப் போகலாம், கும்பிடலாம், விபூதி பூசலாம். பிரசாதத்தை மட்டும் ஒரு டப்பாவில் வாங்கி வைத்து, டாக்டர் சொன்ன பிறகு தர வேண்டும். தீபலட்சுமி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். கதிரேசன் தாளில் இருந்த கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நாவலூருக்கு வண்டியை எடுத்தார்.

தாய் திரும்பி வரும்வரை பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ரோஸி கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தாள் அவள் மடியில், கைக்கு அடியில் இருந்தது. முகிலனின் மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. விமானம் ஒன்று தாழ்வாகப் போய் ஜன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. அவள் தலை சுவரில் சாய்ந்தது.

அடுத்த டோக்கன் ஒரு பெண் குழந்தை. அதன் அம்மா அதை இழுத்துக்கொண்டு வந்து, ரோஸி அக்கா யார் என்று கேட்டாள். குழந்தை வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். ரத்தினபாய் நாற்காலியிலிருந்து எழுந்து, பெஞ்சைப் பார்த்தார். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நிமிசம் இருங்க" என்றார் அந்தத் தாயிடம், குரலைத் தாழ்த்தி. பிறகு போய்க் கூடத்துக் கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.